கதையில் செத்தவளும் தாப்பாவில் பாடம் சொல்பவளும்

1

எங்கள் ஊரான யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம் வந்த பத்திரிகையில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். மலாயாவுக்கு வந்த எங்கள் பெண்கள் இங்கிலீஷ் நாவல் வாசித்துக் கெட்டுப் போகிறார்களாம். அடக்கம் போயிற்றாம், ஒழுக்கம் போயிற்றாம், இனிக் குடும்பமும் போகப் போகிறதாம். அதை என் கணவர் சத்தம் போட்டு வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நீர் கெட்டுப்போய் இப்ப எத்தனை வருஷமப்பா?"

"உங்களைக் கட்டினதிலிருந்து கணக்குப் பாருங்கோ" என்றேன்.

அந்தப் பெரியவருக்குப் பதில் எழுதும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. ஆனால் போன சனிக்கிழமை தாப்பாவுக்குப் போய் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே கிருபை என்ற சின்னப் பெண்ணுக்கு ஐந்தாவது பிறந்த நாள். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் நானும் மகள் சூசனும் போனோம். கோப்பெங் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் சீனர், இறங்கிப்போய் மரத்தடியில் சுருட்டுப் பற்ற வைத்தார். நேரம் போகிறதே என்று நான் பதறினேன். "தாக்கப்பா, அம்மா" என்றாள் சூசன். பரவாயில்லை என்பதற்கு மலாய்க்காரர் சொல்லும் சொல் அது. முதல் முறை அவள் வாயில் அதைக் கேட்டபோது தாப்பா ஊரைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவளுடைய தமிழில் பாதி அப்படித்தான் இருக்கிறது. சமையலுக்கு உதவும் பெண்ணோடு மலாய், பள்ளியில் படித்தது இங்கிலீஷ், என்னோடு இரண்டும் கலந்து ஏதோ ஒன்று. அவளுடைய தமிழ் கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான், இங்கிலீஷ் நாவலை வாசித்துத் தமிழில் சொல்லும் சனிக்கிழமை வாசிப்பையே தொடங்கினேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஈப்போவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். இன்றும் அங்கேதான் இருக்கிறோம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பெண்கள் கூடுவோம். நான் ஒருத்தி. பக்கத்துத் தெரு விசாலாட்சி, எங்கள் ஊர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம், கணவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். பாக்கியம், செமோர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். அவள் புருஷன் ஈயம் தோண்டும் லம்பத்துப் பட்டறையில் கொல்லன். நாலாவது ஞானம்.

ஞானத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட, மிஷன் விடுதியில் வளர்ந்து, அந்தப் பள்ளியிலேயே சின்ன வகுப்புக்கு டீச்சராகி இருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். சிரித்த பிறகு வாயை மூடிக்கொள்வாள், விடுதியில் அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

புத்தகங்கள் பள்ளித் தலைவியான வெள்ளைக்காரப் பெரிய மிஸ்ஸியின் அலமாரியிலிருந்து வந்தவை. எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்து நாவல்கள். முந்தி இருந்த மிஸ்ஸிமார் விட்டுப்போனவை. பூஞ்சணம் பிடித்து, ஓரம் அரித்து, மூன்று பாகமுள்ள கதையில் இரண்டாம் பாகம் காணாமல் போய் இருக்கும். சூசன் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். தடுமாறும் இடத்தில் நான் எடுத்துக்கொள்வேன். மற்றவர்கள் தையலை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

அந்த முறை எடுத்த கதை, பட்டணத்தில் சீமாட்டிகளுக்குத் தொப்பி தைக்கும் ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றியது. அவள் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை, தொப்பிக்காரி என்றே வைத்துக்கொண்டோம். ஒரு பிரபு வீட்டுப் பையன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறான். பிறகு அவன் வீட்டார் வேறு பெண் பார்க்கிறார்கள். இவளோ பிள்ளைத்தாச்சி.

சூசன் வாசித்துக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவள் இப்ப விழுந்த பொம்பிளை."

பாக்கியம் ஊசியை நிறுத்தினாள். "எங்க விழுந்தா? படிக்கட்டுலயா?"

"இல்லை அக்கா, சும்மா விழுந்தது."

"அடி பட்டுச்சா?"

ஞானம் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு, பதின்மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இங்கிலீஷ்காரர் மானம் போன பெண்ணை அப்படித்தான் சொல்லுவார்கள் என்று விளக்கினேன்.

பாக்கியம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அப்ப அந்தச் சின்னத் தொரை? அவரும் கூடத்தானே விழுந்தாரு? அவருக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?"

சூசன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அவருக்குப் பேர் இல்லை. அவர் வாலிபர், அவ்வளவுதான்."

ஞானம் அந்தமுறை சிரிக்கவில்லை. நான் அதை அப்போது கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3

இந்தக் கதைகளோடு எனக்கு இருந்த உறவைச் சொல்ல வேண்டும்.

ஊரில் நான் படித்த விடுதிப் பள்ளியிலும் இதே நாவல்கள்தான். அவற்றில் நல்ல பெண் எப்போதும் விளக்கடியில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள். மெல்லப் பேசுவாள். வீட்டுக்குள் தேவதூதர் மாதிரி நடமாடுவாள். புருஷன் கடனாளியானாலும் குடிகாரனானாலும் மன்னிப்பாள். எங்கள் வீட்டார் சொன்னதையே இங்கிலீஷ்காரரும் எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாய் இருக்கும். அம்மா நளாயினி கதையைச் சொல்லித் திருத்தினாள். மிஸ்ஸிமார் நாவலைக் கொடுத்துத் திருத்தினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்த ஆணி நான்.

ஆனாலும் அந்தப் பெரியவர் நினைக்கிற மாதிரி அவை கெடுக்கிற புத்தகங்கள் அல்ல. அதற்கு நேர்மாறு. தவறின பெண்ணை அந்த நாவல்களில் ஒன்றுகூடத் தப்ப விடாது. எழுதியவர் அவளுக்காகப் பக்கம் பக்கமாக இரங்குவார். ஊரின் கல்நெஞ்சைத் திட்டுவார். ஏழைப் பெண்ணைக் கெடுத்த பணக்காரனை நாலு வார்த்தை கேட்பார். அந்தக் காலத்தில் அதையாவது கேட்டார்களே என்று நான் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அவளை ஆற்றில் தள்ளுவார், இல்லையென்றால் காய்ச்சல் வர வைப்பார். ரொம்ப இரக்கமுள்ளவராக இருந்தால் கப்பலேற்றித் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, 'அதன் பிறகு அவளைப் பற்றி யாரும் கேள்விப்படவில்லை' என்று முடிப்பார்.

விடுதியில் அதைப் படித்து நான் தேம்பியிருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் ஒரு நாள் நினைத்துக்கொண்டேன், அந்தத் தூர தேசம் என்பது இதுதானே? கப்பலை விட்டு இறங்கினவள் இங்கே வந்து என்ன செய்தாள், எங்கே குடியிருந்தாள், யாரோடு பேசினாள்? அதை எழுத ஆளில்லை.

4

ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் ஞானம் தனியாக வந்தாள். குடையை மடக்கினாள், உட்காரவில்லை.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன பிள்ளை?"

"முழுகாம இருக்கேன். நாலு மாசம்."

நான் முதலில் சன்னலைச் சாத்தினேன். அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தேன்.

"ஆர் ஆள்?"

"விசாலாட்சியக்கா வீட்டுத் தம்பி."

அவனை இங்கே முத்து என்று சொல்கிறேன். அது அவன் பெயரல்ல. இப்போது ஊரில் அவனுக்கு மனைவி இருக்கிறாள். அந்தப் பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவன் விசாலாட்சியின் புருஷனுடைய தம்பி. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். தமையன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தவன். முந்தின மாதம்தான் ஊரில் கலியாணத்துக்கென்று கப்பலேறியிருந்தான்.

"கட்டிக்கிறேன்னுதான் சொன்னாரு. பொய் சொன்னாருன்னும் எனக்குத் தோணல. அங்க போனதும் பயந்திருப்பாரு." அவள் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டே பேசினாள். "என்னை ஏமாத்திட்டாருன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கும் அவரைப் பிடிச்சிருந்துச்சுக்கா. அதையும் சொல்லிடணும்ல?"

நான் வாசித்த எந்த நாவலிலும் எந்தப் பெண்ணும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், குடித்தாள்.

விஷயம் பள்ளிக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக் கமிட்டியில் மூன்று பேர்: பெரிய மிஸ்ஸி, தமிழ்ப் போதகர், என் கணவர். ஞானத்தை வேலையிலிருந்து நீக்குவது, பிறந்ததும் குழந்தையைப் பினாங்கில் ஓர் அநாதை விடுதியில் விடுவது என்று பேச்சு அடிபட்டது. வருகிற திங்கட்கிழமை கூடி முடிவெடுப்பார்கள் என்றார் என் கணவர்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன சொல்லப் போறியள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? விதி எழுதி வச்சிருக்கு. நான் ரயில்வேக்காரன். சிக்னல் விழாட்டி வண்டியை விட ஏலாது."



5

அந்தச் சனிக்கிழமைக்கு மிச்சம் இருந்தது கதையின் கடைசி அத்தியாயம். ஞானம் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். விசாலாட்சியும் வந்திருந்தாள். ஆனால் ஞானத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சூசனை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, "இண்டைக்கு வேண்டாம், வேற ஏதும் வாசிப்பம்" என்றேன்.

"வாசிங்கக்கா" என்றாள் ஞானம். "அவளுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியணும்."

வாசித்தேன். மழை பெய்கிறது. தொப்பிக்காரியின் குழந்தை முந்தின பக்கத்திலேயே செத்துவிட்டது. தான் பிறந்த ஊர்த் தேவாலயத்தின் வாசல் வரை வந்து நிற்கிறாள், உள்ளே போகவில்லை. பிறகு பாலத்துக்குப் போகிறாள். மறுநாள் அவளுடைய தொப்பி மட்டும் கரை ஒதுங்குகிறது. அந்த வாலிபர் தன் மனைவியோடு வண்டியில் அந்தப் பக்கம் போகும்போது அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார்.

பாக்கியம் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏன்க்கா?" என்றாள் ஞானம். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். "அவளுக்குத் தொப்பி தைக்கத் தெரியும்னு முதல் பக்கத்திலேயே சொன்னீங்க. ஊருல எல்லாருக்கும் தலை இருக்கு. வேற பட்டணத்துக்குப் போய்த் தைச்சுப் பொழைக்கலாமே? எதுக்கு ஆத்துக்குப் போவணும்?"

"அவளுக்கு வெக்கம்" என்றாள் பாக்கியம்.

"வெக்கம் எனக்கும்தான் இருக்கு. அதுக்காக? நாளைக்குக் காலையில எனக்குப் பசிக்கும். சின்னப் பிள்ளைங்க ஸ்லேட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கும். எழுதினவருக்கு அவளை வச்சு என்ன செய்யறதுன்னு தெரியல. அதான் தள்ளிட்டாரு."

விசாலாட்சி எழுந்தாள். தையலைச் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். தன் வீட்டுப் பையனைப் பற்றிய பேச்சு அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

6

திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு கமிட்டி கூடியது. அழைக்காமலே நானும் போனேன். என் கணவர் என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஞானம் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

போதகர் நல்ல மனிதர். அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தைப்பிங்கில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார், வயது ஐம்பதுக்கு மேல், ஞானத்தை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார்.

"ஐயா, கலியாணத்தைத் தண்டனையாவா குடுக்கறீங்க?" என்றாள் ஞானம். "அவருக்கும் அது நல்லதில்லீங்களே."

போதகருக்கு முகம் சிவந்தது. "அப்படியென்றால் நீ சொல்லுகிற பையன்தான் என்பதற்கு என்ன ருசு? மரியாதைப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. அவனும் இங்கே இல்லை."

அப்போதுதான் விசாலாட்சி உள்ளே வந்தாள். அந்தப் பள்ளியின் வாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை. நெற்றியில் திருநீறு, கையில் புருஷனுடைய குடை.

"ஐயா, அவன் என்ர மச்சான். என்ர வீட்டில இருந்தவன். இந்தப் பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு எனக்கு முன்னாலதான் சொன்னவன். எங்கட ஆக்கள் சாதி பார்த்து, சீதனம் பார்த்து அவனைக் கப்பலேத்திப் போட்டினம். நானும் பேசாமல் இருந்தனான்." மூச்சு வாங்கினாள். "இவள் பொய்க்காரி எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லக் கூடாது. இதைச் சொன்னதுக்கு என்ர மனுசன் என்னோட கதைக்க மாட்டார். பரவாயில்லை."

ஞானம் அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். விசாலாட்சி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

நான் கொண்டுபோன புத்தகத்தைப் பெரிய மிஸ்ஸியின் மேசையில் வைத்தேன்.

"மிஸ்ஸி, வாசித்து முடித்துவிட்டோம். இந்தப் பெண்ணுக்கு யாராவது ஒருவர் கதவைத் திறந்திருந்தால் அவள் ஆற்றுக்குப் போயிருக்க மாட்டாள். அதுதானே இதை எழுதினவர் சொன்னது?"

அவர் அட்டையைத் தடவினார். அவருடைய தமிழ் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வரும்.

"நான் பதினாறு வயதில் இதை வாசித்தேன். என் தாயாரும் வாசித்தார்கள். இரண்டு பேரும் அழுதோம். எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் அந்த வருஷம்தான் இப்படி ஆனாள். தாயார் அவளை அன்று மாலையே அனுப்பினார்கள்." புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "புத்தகத்துக்கு அழுதால் போதும் என்று நினைத்தோம்."

பள்ளி விதியை அவரால் மாற்ற முடியவில்லை. அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரும் உத்தரவு அது. ஞானத்துக்கு அந்தப் பள்ளியில் வேலை போயிற்று. ஆனால் குழந்தை பினாங்குக்குப் போகாது என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை பிறக்கும் வரை எங்கட வீட்டில இருக்கட்டும்" என்றார். சிக்னல் எங்கே விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

7

கிருபை எங்கள் வீட்டில்தான் பிறந்தாள். பிரசவம் பார்த்தது பாக்கியமும் ஒரு சீன மருத்துவச்சியும். பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த எழுத்தர் தகப்பன் பெயரை மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஞானம் தன் பெயரையே சொன்னாள். இவளுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து அவர் மலாயில் கேட்டார், பிறகு இங்கிலீஷில் கேட்டார். கடைசியில் அந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டு, "பிள்ளை வடிவாய் இருக்கு" என்றார். யாழ்ப்பாணத்து மனிதர்.

விசாலாட்சி சொன்னபடியே அவள் புருஷன் அவளோடு பேசவில்லை. மாதக்கணக்காகச் சாப்பாடு மட்டும் நடந்தது. பிறகு ஒரு நாள் அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, குழந்தையைக் கொஞ்சம் காட்டச் சொன்னார். தம்பி மகள்தானே என்று யாரும் சொல்லவில்லை. தம்பியின் சாடை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பையை அதன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தாப்பாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடினார்கள். பெரிய மிஸ்ஸி மோட்டாரில் நேரே தொரையிடம் போய், எதையும் மறைக்காமல் சொல்லி, ஞானத்துக்கு அந்த வேலையை வாங்கினார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார் முதலில் முணுமுணுத்தார்களாம். ஆனால் பொம்பளை வாத்தியார் என்றதும், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் தங்கள் பெண் பிள்ளைகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை அங்கே ஆண் பிள்ளைகள் மட்டும்தான் படித்தார்கள். விடியலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் போகிற வழியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

8

போன சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பள்ளி என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. கிருபை புதுப் பாவாடையோடு ஓடி வந்து சூசனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாயசம், சீனக் கடைக் கேக். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தேவசகாயமும் வந்திருந்தார். முப்பது வயது மதிக்கலாம், காதோரம் கொஞ்சம் நரை, அமைதியான ஆள். கிருபைக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்தபோது பார்த்துக்கொண்டவர் என்று ஞானம் அறிமுகம் செய்தாள்.

கேக் வெட்டி முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்கா, டீச்சருக்குப் பெரியவங்கன்னு இங்க யாரும் இல்ல, நீங்கதான். உங்க முன்னாலயே கேட்டுடறேன். டீச்சரைக் கட்டிக்க எனக்கு விருப்பம். எல்லா விசயமும் தெரியும். பாப்பாவும் எனக்குப் பிள்ளைதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விக்டோரியா காலத்து நாவலில் இவ்வளவு நல்லது அவளுக்கு நடக்கவே நடக்காது. நடந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். சூசன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் ஞானத்தைப் பார்த்தேன். "சரி எண்டு சொல்லு பிள்ளை" என்று வாய் வரை வந்துவிட்டது.

ஞானம் கேக் தட்டை மேசையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லவரு. எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா வர்ற வாரம் இன்ஸ்பெக்டர் வாராரு. பிள்ளைங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறுது. இந்த நேரத்தில என் மனசை வேற எதிலயும் விடமுடியாது. அது முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன். ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். பரவாயில்லையா?"

அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை.

"பரவாயில்ல லா, டீச்சர். நான் எங்க போகப் போறேன்?" என்று மலாய்க்காரரின் 'லா'வைச் சேர்த்துச் சொன்னவர், பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏழாம் வாய்ப்பாடு எனக்கு நல்லா வரும். ஒரு பக்கத்தை நான் பார்த்துக்கட்டுமா?"

"பாருங்க" என்றாள் ஞானம், சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

அவர் கடைசி வரிசைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் முன் வரிசையில் நின்றாள். "ஓரேழு ஏழு" என்று தொடங்கியதும் கொட்டகை முழுக்கச் சத்தம் எழுந்தது. ஐயேழு முப்பத்தைந்தில் எல்லோரும் தடுமாறி நின்றார்கள். "மறுபடியும்" என்றாள் ஞானம்.